வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கணும்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கேட்டாங்க. நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான், ராஜா ராணி வரலாறெல்லாம் எழுத வராதுன்னு சொன்னேன். அதுக்குத் தலைவி அக்கா, "ஸ்கூல் ஸ்கூலா போய் பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற அம்மா இருக்காங்களே, அந்த வேலை எப்படி வந்துச்சுன்னு எழுது, அதுவும் வரலாறுதான்"னு சொன்னாங்க. குழு சார்பா நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறதால, அந்தப் பயிற்சியாளர் அக்கா கூட ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். பழைய விஷயங்களையும் கேட்டு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா தன் பேரைப் போட வேணாம்னுட்டாங்க. பிள்ளைங்க பேரையோ ஸ்கூல் பேரையோ நான் எங்கேயும் எழுதல.

அந்த ஒரு வாரத்துல அவங்க செய்யற ஒவ்வொரு வேலைக்கும் பின்னால ஒரு வரலாறு இருக்கு. நாள் வாரியா எழுதறேன்.

முன்னாடி எப்படி இருந்தது

முதல்ல பழைய கதை. வெள்ளைக்காரன் காலத்துல 1860ல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தப்போ, பெண் குழந்தைக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு கொடுத்த வயசு எவ்வளவு தெரியுமா? வெறும் 10. பத்து வயசு முடிஞ்சுட்டா, கல்யாணம் பண்ணிக்கிட்டவன் என்ன செஞ்சாலும் குத்தம் இல்லை. 1890ல் கல்கத்தாவில் புல்மோனின்னு ஒரு சின்னப் பொண்ணு, பத்துப் பதினோரு வயசுதான், புருஷனாலேயே செத்துப்போச்சு. நாடே அதைப் பேசினதுக்கப்புறம் 1891ல் அந்த வயசை 12 ஆக்கினாங்க. அதுக்கே நிறைய பேர் எதிர்ப்பு. அந்த வயசு 18 ஆனது 2012ல்தான். பத்திலிருந்து பதினெட்டுக்கு வர 152 வருஷம் ஆகியிருக்கு.

நம்ம தருமபுரி பக்கம் கதையே வேற. பெண் குழந்தை பிறந்தா உயிரோட விடறதே கேள்வியா இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, பிறகு நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. பிள்ளையைக் காப்பாத்தறதுன்னா அன்னைக்கு அர்த்தம் உயிரைக் காப்பாத்தறது மட்டும்தான். உயிரோட இருக்கிற பிள்ளை ஸ்கூல்ல, டியூஷன்ல, சொந்தக்காரங்க வீட்டுல பத்திரமா இருக்கான்னு கேட்க ஆள் இல்லை.

நான் எட்டாவது படிக்கும்போது என் கூடப் படிச்ச ஒரு பொண்ணு, ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டதா அவங்க அம்மாகிட்ட சொல்லிச்சு. அடுத்த வாரத்துல இருந்து அது ஸ்கூலுக்கு வரல. தப்பு செஞ்சவர் வேலைக்கு வந்துட்டேதான் இருந்தார். ஒரு வருஷத்துக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. "பொண்ணைக் காப்பாத்திட்டாங்க"ன்னுதான் ஊர்ல பேசினாங்க. வகுப்புல இருந்த நாங்க எல்லாரும் அன்னைக்குக் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: வாயைத் திறந்தா படிப்பு போயிடும். யாரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரல, நாங்களாவே பார்த்துக் கத்துக்கிட்டோம்.

பயிற்சியாளர் அக்காவோட வேலை பூராவும் இந்த ஒரு பாடத்தை அழிக்கிறதுதான்னு அந்த வாரம் முடியறப்போ எனக்குப் புரிஞ்சது.

திங்கட்கிழமை: தலைமை ஆசிரியர் அறை

நான் நினைச்சிருந்தேன், அக்கா நேரா வகுப்புக்குள்ள போவாங்கன்னு. இல்லை. திங்கட்கிழமை அவங்க எந்தப் பிள்ளைகிட்டயும் பேசல. இரண்டு ஸ்கூல்ல தலைமை ஆசிரியர்களைப் பார்த்தாங்க. கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, சுத்துச்சுவர் எங்கே இடிஞ்சிருக்கு, சாயங்காலம் கடைசியா யார் வீட்டுக்குப் போறாங்க, வெளி ஆள் வந்தா பதிவேட்டுல எழுதறாங்களா, 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கு, அதோட சாவி யாருகிட்ட, இதெல்லாம் பார்த்தாங்க. ஒரு ஸ்கூல்ல அந்தப் பெட்டி ஆசிரியர்கள் அறைக்குள்ளயே இருந்துச்சு. "சார், எந்தப் பிள்ளை இங்கே வந்து சீட்டுப் போடும்? தண்ணிக் குழாய்கிட்ட மாட்டுங்க, அங்கதான் எல்லாப் பிள்ளையும் வந்து போகும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவரும் ஒத்துக்கிட்டார்.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கு. கொரோனா ஊரடங்கு சமயம், 2021 மே மாசம், சென்னையில் ஒரு ஸ்கூல்ல படிச்சு முடிச்ச பழைய மாணவிகள், தாங்க பட்டதை செல்போன் மூலமா வெளியே சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் சொல்ல, வேற வேற ஸ்கூல் பிள்ளைங்களும் பேசினாங்க. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு ஸ்கூல்லயும் மாணவர் பாதுகாப்புக் குழு இருக்கணும், புகார் பெட்டி இருக்கணும்னு நம்ம அரசு விதிமுறை கொண்டு வந்தது. பள்ளிக்கல்வித் துறையோட 14417 எண்ணும் 1098 எண்ணும் பிள்ளைங்க கண்ணுல படற மாதிரி எழுதி வைக்கச் சொன்னாங்க. வருஷக்கணக்கா வாய் மூடியிருந்த பிள்ளைங்க பேசினதால வந்த பெட்டி அது. அதனால அக்கா அதை வெறும் மரப்பெட்டியா பார்க்கறதில்லை.

செவ்வாய்க்கிழமை: சின்னப் பிள்ளைகள்

மூணாவது, நாலாவது வகுப்பு. கதவு திறந்தே இருக்கணும், வகுப்பு டீச்சர் கூடவே இருக்கணும், எந்தப் பிள்ளையையும் அக்கா தனியா அறைக்குள்ள கூட்டிட்டுப் போகக் கூடாது. அது அவங்களே தனக்கு வச்சுக்கிட்ட விதி. "பாதுகாப்பு சொல்லித் தர்றவளுக்கும் இந்த விதி உண்டுன்னு பிள்ளை பார்க்கணும்"னு சொன்னாங்க.

முதல்ல கண், காது, மூக்குன்னு ஆரம்பிச்சு உடம்போட எல்லாப் பாகத்தையும் பேர் சொல்றாங்க. உள்ளாடை போடற இடம் அந்தரங்கமான இடம், அம்மா குளிப்பாட்டவோ டாக்டர் அம்மா முன்னாடி பார்க்கவோ தவிர யாரும் அங்கே தொடக் கூடாது, தொடச் சொல்லவும் கூடாது. அப்படி நடந்தா "வேண்டாம்"னு சத்தமா சொல்லு, அங்கேயிருந்து விலகிப் போ, நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லு, அவங்க நம்பலன்னா அடுத்தவங்ககிட்ட சொல்லு. இதுதான் பாடம்.

நாம 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்'னு கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் கார்டிலியா ஆண்டர்சன்னு ஒரு அம்மா 1970களின் கடைசியில் பிள்ளைங்களுக்குத் தொடுதல் பத்திப் பாடம் நடத்தினாங்க, அங்கேயிருந்துதான் இந்தப் பேச்சு ஊர் ஊரா பரவினது. நம்ம தமிழ்நாட்டில் 2004ல் சென்னையில் 'துளிர்'னு ஒரு அமைப்பு இதுக்குன்னே தொடங்கி, பிள்ளைகளுக்கும் பெரியவங்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க அக்கா இப்போ நல்ல, கெட்டன்னு சொல்றதில்லை. 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல்'னுதான் சொல்றாங்க. ஏன்னு கேட்டேன். "கெட்டதுன்னு சொன்னா, தன்னைத் தொட்டுட்டாங்க, அதனால நான் கெட்ட பிள்ளைன்னு குழந்தை நினைச்சுக்கும். அப்புறம் எப்படி வந்து சொல்லும்?"னாங்க.

கடைசியில பிள்ளைங்க நோட்டுல கையை வச்சு வரைஞ்சு, அஞ்சு விரல்லயும் நம்பிக்கையான அஞ்சு பேரை எழுதணும். நான் பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன். அம்மா, ஆயா, டீச்சர்னு எழுதினாங்க. ஒரு பையன் 'சத்துணவு அக்கா'ன்னு எழுதினான். ஒரு பொண்ணு இரண்டு விரலை மட்டும் எழுதிட்டு மீதியைப் பென்சிலாலயே தடவிக்கிட்டு இருந்தது. அக்கா அதைக் கட்டாயப்படுத்தல. வெளியே வந்ததும், "மூணு விரல் காலியா இருந்தா அது பிள்ளையோட குறை இல்லை, ஊரோட குறை"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

புதன்கிழமை: ஆசிரியர்களுக்குப் பயிற்சி

சாயங்காலம் மூணு மணிக்கு மேல ஆசிரியர்கள் கூட்டம். இங்கேதான் சட்டம் வருது. போக்சோ சட்டம்னு நாம சொல்றோமே, அது 2012 மே மாசம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அந்த வருஷம் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்னைக்கு நடைமுறைக்கு வந்தது. 18 வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் குழந்தை. ஆணும் பெண்ணும் ஒண்ணுதான்.

அந்தச் சட்டத்தோட 19ஆவது பிரிவை அக்கா பலகையில பெரிசா எழுதினாங்க. குழந்தைக்கு இப்படி ஒரு கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சா, யாரா இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். சொல்லாம மறைச்சா 21ஆவது பிரிவுப்படி ஆறு மாசம் வரை ஜெயில் இல்லைன்னா அபராதம். தனக்குக் கீழே வேலை செய்யறவர் செஞ்சதை நிர்வாகத் தலைவர் மறைச்சா ஒரு வருஷம் வரை. குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது.

ஒரு சார் எழுந்து, "விசாரிச்சுப் பார்த்து உண்மைன்னு தெரிஞ்ச பிறகுதானே சொல்லணும்? ஸ்கூல் பேரு என்ன ஆகும்?"னு கேட்டார். அக்கா கோபப்படல. "விசாரிக்கிறது உங்க வேலை இல்லை சார். நீங்க பத்துக் கேள்வி கேட்டா, பிள்ளை பத்தாவது கேள்வியில பயந்து 'ஒண்ணுமில்லை'ன்னு சொல்லிடும். கேளுங்க, நம்புங்க, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் பிள்ளைக்குச் சத்தியம் பண்ணாதீங்க. அந்தச் சத்தியத்தைக் காப்பாத்த முடியாது"ன்னாங்க.

அடிக்கிறது பத்தியும் பேசினாங்க. நாம படிச்ச காலத்துல பிரம்பு இல்லாத வகுப்பே இல்லை. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதியை மாத்தி அடிக்கிறதைத் தடை செஞ்சாங்க. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதைத் தடை செஞ்சது. அடிக்குப் பயப்படற பிள்ளை, ஆசிரியர்கிட்ட மனசுல இருக்கிறதை எப்படிச் சொல்லும்? இரண்டும் ஒரே சங்கிலிதான்.

வியாழக்கிழமை: பெரிய வகுப்பு, முக்கியமா பையன்கள்

எட்டாவது, ஒம்பதாவது பிள்ளைங்களுக்கு செல்போன் பத்தித்தான் நிறைய பேச்சு. போட்டோ அனுப்பச் சொல்லி மிரட்டறது, தெரியாத ஆளோட பேசறது. அன்னைக்கு அக்கா பையன்கள்கிட்ட தனியா ஒரு பாடவேளை பேசினாங்க. பொண்ணுங்களை எப்படி நடத்தணும்னு மட்டும் இல்லை, உங்களுக்கும் இது நடக்கலாம், நடந்தா உங்க தப்பு இல்லைன்னு.

இதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 2007ல் மத்திய அரசோட பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள்ல 12,447 குழந்தைகளைக் கேட்டாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம தமிழ்நாடு இல்லை. ஆனாலும் படிச்சப்போ எனக்கு நம்ம ஊரு ஞாபகம்தான் வந்தது. ஏதோ ஒரு விதத்துல பாலியல் தொல்லைக்கு ஆளானதா சொன்ன குழந்தைங்க 53 சதவீதத்துக்கு மேலே. அதுல பாதிக்கு மேல ஆம்பளைப் பிள்ளைங்க. செஞ்சவங்கள்ல பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிஞ்சவங்க, நம்பிக்கையான இடத்துல இருந்தவங்க. முக்கால்வாசிப் பிள்ளைங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு 2012ல் வந்த சட்டம் ஆம்பளைப் பிள்ளையையும் சேர்த்தே பாதுகாக்குது. "பையனுக்கு என்ன, அவன் ஆம்பளை"ன்னு நாம சொல்றதை இனிமே நிறுத்தணும்.

வெள்ளிக்கிழமை: திரும்பிப் போற நாள்

வெள்ளிக்கிழமை அக்கா புது ஸ்கூலுக்குப் போகல. முன்னாடி ஒரு பிள்ளை தன் கஷ்டத்தைச் சொன்ன ஸ்கூலுக்குப் போனாங்க. எந்தப் பிள்ளை, என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லல, நானும் கேட்கல. போனதும் அவங்க முதல்ல கேட்டது வருகைப் பதிவேட்டைத்தான். விரலை வச்சு வரிசையா பார்த்துட்டு, மூடி வச்சுட்டு, "வருது"ன்னு ஒரே வார்த்தை சொன்னாங்க. அவங்க முகத்துல அப்போ வந்த நிம்மதியை என்னால எழுத்துல சொல்ல முடியல.

முன்னே எல்லாம் புகார் கொடுத்த குடும்பம்தான் அலையணும். ஸ்டேஷன் திண்ணையில காத்திருக்கணும், கோர்ட்டுல தப்பு செஞ்சவனுக்கு நேரா நின்னு பிள்ளை பேசணும். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டோட முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 1996ல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியான்னு ஒரு அம்மா 1098 எண்ணைத் தொடங்கினாங்க. தெருவுல இருந்த பிள்ளைகளுக்காக ஆரம்பிச்சது அது. பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்ணிக்கிட்டே வந்தா பிள்ளைக்கு மறக்காது. இப்போ அது அரசோட பொறுப்புல நாடு முழுக்க இருக்கு, காசு கிடையாது. 2004ல் உச்ச நீதிமன்றம், சாட்சி சொல்ற பிள்ளை குற்றவாளியைப் பார்க்காத மாதிரி திரை போடணும்னு தீர்ப்புச் சொன்னது. 2012 சட்டத்துல அது இன்னும் தெளிவா வந்தது: போலீசே பிள்ளை இருக்கிற இடத்துக்கு வந்து வாக்குமூலம் வாங்கணும், சீருடை போட்டு வரக் கூடாது, முடிஞ்ச வரை பெண் அதிகாரியா இருக்கணும், ராத்திரியில பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது, பொண்ணுக்குப் பெண் டாக்டர்தான் பரிசோதனை செய்யணும், பிள்ளை பேரு எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கு. ஆனா பிள்ளை மறுபடி ஸ்கூலுக்கு வருதா இல்லையான்னு முடிவு பண்றது வீடும் ஊரும்தான். அதனாலதான் அக்கா பதிவேட்டைப் பார்க்கறாங்க.

சனிக்கிழமை: நம்ம கூட்டம்

சனிக்கிழமை பஞ்சாயத்து அலுவலகத்துல தாய்மார்கள் கூட்டம். வந்தவங்க பாதிப் பேர் நம்ம குழு உறுப்பினர்கள்தான். அக்கா சொன்னாங்க, "ஒரு வாரம் பூரா நான் பேசினதுல பிள்ளைகிட்ட பேசினது இரண்டு நாள்தான். மீதி எல்லாம் பெரியவங்ககிட்ட. முப்பது வருஷத்துக்கு முன்னாடி பிள்ளையைப் பார்த்து 'நீ ஜாக்கிரதையா இரு'ன்னு சொன்னோம். இப்போ பெரியவங்களைப் பார்த்து 'நீங்க பொறுப்பா இருங்க'ன்னு சொல்றோம்."

எனக்கு இதுதான் இந்த வரலாறு முழுக்க ஓடற ஒரே நூல்னு தோணுது. பாரம் சின்னத் தோள்ல இருந்து பெரிய தோளுக்கு மாறினதுதான் கதை.

நம்ம தோளுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க. 1989ல் ஐஃபாட் உதவியோட தமிழ்நாட்டிலேயே முதல்ல மகளிர் குழுக்கள் தொடங்கினது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி பிரியாத காலத்துல. அன்னைக்கு நம்ம அம்மாமார் வாரம் கொஞ்சம் காசு சேர்க்கக் கூடினாங்க. கந்துவட்டிக்காரன் வாசல்ல போய் நிக்கறதை நிறுத்தினாங்க. பேங்குக்குள்ள தலை நிமிர்ந்து போனாங்க. பிறகு சாராயக் கடை, குழந்தைக் கல்யாணம்னு ஊர்ப் பிரச்சினைகளைக் கையில எடுத்தாங்க. கணக்கு எழுதற நோட்டு கையில இருந்த பொம்பளைங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு. இப்போ பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும் நமக்கு இடம் இருக்கு. அந்த இடத்தைச் சும்மா கையெழுத்துப் போட மட்டும் வச்சுக்கக் கூடாது.

அதனால கூட்டமைப்பு முன்னாடி என்னோட வேண்டுகோள் மூணு. நம்ம மாசக் கூட்டத் தீர்மான நோட்டுல எழுதிக்கலாம்.

ஒண்ணு, பிள்ளை வாய் திறந்து சொன்னா அடிக்காம, "நீ ஏன் அங்கே போன"ன்னு கேட்காம, முதல்ல நம்பறது. உடனே 1098க்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ சொல்றது. சொந்தக்காரரா இருந்தாலும், ஊர்ப் பெரிய மனுஷரா இருந்தாலும் சரி. ஊர்க்கூட்டம் போட்டுப் பணம் வாங்கி முடிச்சு வைக்கிற வேலைக்கு நம்ம உறுப்பினர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டு, பிள்ளைக்குப் பிடிக்கலன்னா மாமா மடியில உட்காருன்னோ, தாத்தாவுக்கு முத்தம் கொடுன்னோ கட்டாயப்படுத்தறதை நிறுத்தறது. "வேண்டாம்"னு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க. வீட்டுல அந்த வார்த்தைக்கு மரியாதை இல்லைன்னா பாடம் அங்கேயே செத்துடும்.

மூணு, நம்ம ஊர்ல ஒரு பிள்ளை பத்து நாளா ஸ்கூலுக்கு வரலன்னா, குழுவுல இருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போறது. கடன் தவணை கட்டாதவங்க வீட்டுக்குப் போறோமே, அந்த மாதிரி தவறாம போறது. பிள்ளை பேர் பதிவேட்டுல இருக்கிற வரைக்கும், அதுக்கு ஒரு டீச்சர் உண்டு, சிநேகிதி உண்டு, சத்துணவு உண்டு, மனசைச் சொல்ல ஒரு பெட்டியாவது உண்டு. பேர் அடிபட்டுப் போச்சுன்னா இது எல்லாமே ஒரே நாள்ல போயிடும்.

ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு லீவு. ஆனா அன்னைக்கும் அறிக்கை எழுதி, சார்ட்டு அட்டையெல்லாம் சரி பண்ணி, அடுத்த வார ஸ்கூல் பட்டியலைத் தயார் பண்ணினாங்க. நம்ம ஒன்றியத்துல அவங்க போக வேண்டிய ஸ்கூல் இன்னும் நிறைய இருக்கு. அவங்க ஒருத்தரால முடியாது. அவங்க ஒரு ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருப்பாங்க. மீதி நாளெல்லாம் அந்த ஊர்ல இருக்கிறது நாமதான்.